பைக் ரிவர் நிலக்கரிச் சுரங்கம்: நிலவியலில் தொடங்கிய ஒரு வெடிப்பு

நியூசிலாந்தின் தெற்குத் தீவில், கிரேமவுத் நகருக்கு வடகிழக்கே சுமார் 45 கிலோமீட்டர் தொலைவில், பப்பரோவா மலைத்தொடருக்குள் இருக்கிறது பைக் ரிவர் சுரங்கம். 2010 நவம்பர் 19 பிற்பகல் 3.45 மணிக்கு அங்கே மீத்தேன் வெடித்தது. உள்ளே இருந்த 31 பேரில் 29 பேர் இறந்தார்கள். நுழைவுச் சுரங்கத்தில் இருந்த 2 பேர் மட்டும் நடந்து வெளியே வந்தார்கள்.

இந்த விபத்தைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் அந்த நாளில்தான் தொடங்கும்: காற்றோட்டம் போதவில்லை, வாயு அளவிகள் சரியில்லை, மேற்பார்வை தளர்ந்துவிட்டது என்று. எல்லாம் உண்மைதான். ஆனால் காற்று ஏன் போதவில்லை என்று ஒவ்வொரு படியாகப் பின்னோக்கிப் போனால், கடைசியில் வந்து நிற்கிற இடம் நிலவியல். நிலத்தை அறியாமல் வரைந்த திட்டத்தை நிலம் ஒவ்வொரு முறை திருத்தியபோதும், அதற்கான செலவு காற்றோட்டத்திலிருந்தும் வாயு வடிப்பிலிருந்தும் (கரியில் உள்ள மீத்தேனை முன்கூட்டியே துளை போட்டு வெளியேற்றுவது) கழிக்கப்பட்டது. இந்த ஆய்வு அந்தத் தொடர்பைப் பற்றியது.

மலையும் கரியும்

இங்கே எடுக்க நினைத்தது பிரன்னர் அடுக்கு. சில கோடி ஆண்டுகளுக்கு முந்தைய இயோசீன் காலத்துச் சதுப்புநிலத்தில் படிந்த கரி. பிறகு கடல் உள்ளே வந்து, அதன் மேல் ஐலண்ட் மணற்கல் என்னும் கடற்பாறையைப் படிய வைத்தது. இப்படிக் கடல்நீர் மூடிய கரியில், கூரையை ஒட்டிய பகுதியில் கந்தகம் ஏறுவது வழக்கம். எடுக்கிற உயரத்தைத் தீர்மானிக்கும்போது இது கணக்கில் வரும். அதற்கு வெகு கீழே, இன்னும் பழைய பப்பரோவா அடுக்குகள் உண்டு. அவற்றைத் தொடும் நிலைக்குச் சுரங்கம் வளரவே இல்லை.

பிரன்னர் கரி சாம்பல் குறைந்த உயர்தரக் கோக்கிங் கரி. எஃகு ஆலைகள் தேடி வாங்குகிற ரகம். இந்தியாவின் கோக் உற்பத்தி நிறுவனங்கள் இந்தச் சுரங்கத்தில் பங்கு வாங்கியதற்கும் அதுதான் காரணம்.

இனி அமைப்பு. கரி அடுக்கு மேற்கே உயர்ந்து செங்குத்துச் சரிவில் வெளியே தெரிகிறது. கிழக்கே தாழ்ந்து வந்து ஹவேரா பிளவில், அதாவது பாறை உடைந்து நகர்ந்த கோட்டில், வெட்டுப்படுகிறது. பிளவுக்குக் கிழக்கே கரி இல்லை, உறுதியான நைஸ் பாறை. ஆக, ஒரு பக்கம் பாறைச்சரிவு, மறுபக்கம் பிளவு, நடுவே வடக்கு தெற்காக நீளும் ஒரு கரிப்பட்டை. இந்த மலையே புவித்தட்டுகளின் நெருக்கத்தால் உயர்ந்தது. ஒரு காலத்தில் இழுவிசையில் பிறந்த பிளவுகள் பிறகு அழுத்தவிசையில் எதிர்த்திசைக்கு நகர்ந்த பிரதேசம். பெரிய பிளவு ஒன்று வரைபடத்தில் இருந்தால், அதன் பக்கத்தில் வரைபடத்தில் இல்லாத பத்து சின்னப் பிளவுகள் இருக்கும் என்று எண்ணித்தான் திட்டமிட வேண்டும்.

வாயுவும் இங்கே புதிதல்ல. கிரேமவுத் பக்கத்துப் பிரன்னர் சுரங்கத்தில் 1896-இல் 65 பேரும், ஸ்ட்ராங்மேன் சுரங்கத்தில் 1967-இல் 19 பேரும் வெடிப்பில் இறந்திருக்கிறார்கள். அதே கரை, அதே கரிவயல்.

துளைகளுக்கு நடுவே இருப்பது

மேலே இருப்பது பாதுகாக்கப்பட்ட காட்டுநிலம்; பாதை கிடையாது. துளையிடும் கருவியை ஹெலிகாப்டரில் தூக்கி வைக்க வேண்டும். ஒவ்வொரு துளைக்கும் அனுமதியும் பெரும் செலவும். அதனால் பல சதுர கிலோமீட்டர் பரப்பில் போட்ட துளைகள் சில டஜன்களைத் தாண்டவில்லை. அவற்றிலும் பல, கட்டுமானம் தொடங்கிய பிறகு போட்டவை.

துளை குறைந்தால் என்ன ஆகும்? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இரண்டு துளைகளுக்கு இடையே 500 மீட்டர் என்று வையுங்கள். அடுக்கின் சாய்வு 10 பாகை என்றால், ஒரு துளைக்கும் அடுத்த துளைக்கும் கரியின் மட்டம் 88 மீட்டர் மாறும். அதே சாய்வு 11 பாகையானால் 97 மீட்டர். ஒரே ஒரு பாகை வித்தியாசம் 9 மீட்டரைக் கொடுத்துவிடுகிறது. அப்படியானால், அந்த இரண்டு துளைகளுக்கு நடுவே 9 மீட்டர் பெயர்ச்சியுள்ள ஒரு பிளவு படுத்திருந்தாலும், வரைபடம் போடுகிறவர் அதைச் சாய்வு சற்றுக் கூடியதாக எடுத்துக்கொண்டு வழவழப்பான கோடு ஒன்றை இழுத்துவிடுவார். கோடு எந்தத் துளையோடும் முரண்படாது. கீழே பாதை வெட்டிப் போகிற குழுவுக்கோ 9 மீட்டர் என்பது முழுத் தடை. முகப்பில் கரி முடிந்து கல் நிற்கும்.

தரைக்கு மேலிருந்து அதிர்வலை ஆய்வு செய்து இந்த இடைவெளியை நிரப்புவதும் இந்த மாதிரி மலையில் லேசான காரியம் அல்ல. மிச்சம் இருப்பது இரண்டு வழி: துளைகளை நெருக்கிப் போடுவது, அல்லது துளையில் கிடைத்த பாறைத்தண்டிலிருந்து கடைசிச் சொட்டுத் தகவலையும் பிழிவது.

பாறைத்தண்டைப் பெட்டியில் அடுக்கியதும் முதலில் பார்ப்பது துண்டுகளின் நீளம். 10 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட துண்டுகளை மட்டும் கூட்டி, துளைத்த நீளத்தால் வகுத்தால் ஆர்.கியூ.டி. என்னும் பாறைத் தர அளவு. 90 சதவீதத்துக்கு மேல் என்றால் நல்ல பாறை. 25-க்குக் கீழே என்றால் மிக மோசமாக நொறுங்கிய பாறை. அடுத்து, உடைந்த முகங்களில் விரலை ஓட்டிப் பார்ப்பார்கள். வழுக்கலாக, கோடுகோடாகக் கீறல் பட்டு மின்னினால் பாறை அந்த இடத்தில் நகர்ந்திருக்கிறது. நடுவில் களிமண் போலப் பசை இருந்தால் பிளவே அதுதான். தண்டே கிடைக்காமல் போன நீளம் இன்னும் முக்கியம்: துளைநீரில் கரைந்து போன பகுதிதான் பெரும்பாலும் மிக மோசமான பகுதி. பதிவேட்டில் அது வெற்றிடமாக இருப்பதால் கண்ணில் படாமல் போய்விடும்.

கரித்தண்டில் வாயு அளப்பதற்கு நேரம் தவறக் கூடாது. மேலே வந்த சில நிமிடங்களுக்குள் காற்றுப்புகாத குப்பியில் அடைக்க வேண்டும். மொத்த வாயு மூன்று பங்கு: தண்டு மேலே வரும் வழியிலேயே போனது, குப்பியில் கசிந்து அளக்கப்பட்டது, கடைசியில் கரியைப் பொடித்தபோது வெளிவந்தது. முதல் பங்கை நேராக அளக்க முடியாது; தொடக்கக் கசிவை நேரத்தின் வர்க்கமூலத்துக்கு எதிராக வரைந்து பின்னோக்கி நீட்டி மதிப்பிடுவார்கள். குப்பியில் அடைக்கத் தாமதித்தால் அந்தப் பங்கு குறைவாக மதிப்பிடப்படும். காகிதத்தில் கரி சாதுவாகத் தெரியும்.

ஒற்றை வழி

மேற்குப் பக்கம் சரிவும் தேசியப் பூங்காவும். ஆகவே கிழக்கிலிருந்து, ஒயிட் நைட் ஓடைப் பள்ளத்தாக்கில் வாய் வைத்து, நைஸ் பாறை வழியாக மெல்ல மேல்நோக்கி ஏறும் 2.3 கிலோமீட்டர் நுழைவுச் சுரங்கம் ஒன்று வெட்டினார்கள். 2006 செப்டம்பரில் தொடங்கிய வேலை ஹவேரா பிளவைத் தாண்டிக் கரியைத் தொட 2008-இன் கடைசிப் பகுதி ஆயிற்று. திட்டமிட்டதைவிட வெகு தாமதம். நவம்பர் 27 அன்று திறப்பு விழா நடந்தது.

மேல்நோக்கி ஏறும் சுரங்கத்தில் ஒரு பெரிய வசதி: நீர் தானாக வெளியே ஓடிவிடும். கரியையும் தண்ணீரோடு கலந்து கீழே ஓடவிடலாம். ஆனால் காற்றைவிட இலேசான மீத்தேனுக்கும் அதே சாய்வு வசதிதான். அது ஏறிப்போய் மேல்முனையில் தங்கும். கரி எடுக்கத் திட்டமிட்ட இடம் அந்த மேல்முனை.

அதைவிடப் பெரிய சிக்கல், வழி ஒன்றே ஒன்று என்பது. உள்ளே போகும் காற்று, மின்கம்பி, தண்ணீர்க் குழாய், கரிக்குழம்புக் குழாய், வண்டி, ஆள் எல்லாம் அதே வாய் வழியாக. இன்னொரு சுரங்கம் அருகே இணையாக வெட்டியிருந்தால் செலவு ஏறத்தாழ இரட்டிப்பாகியிருக்கும். அதற்குப் பதிலாக, காற்று வெளியேறவும் அவசரத்தில் ஆள் ஏறித் தப்பவும் ஒரே காற்றுக் கிணற்றை நம்பினார்கள். அந்தக் கிணறுதான் முதலில் கைவிட்டது.

காற்றுக் கிணறு

ஆழம் சுமார் 108 மீட்டர், விட்டம் 4.25 மீட்டர். இடம் நுழைவுச் சுரங்கம் முடியும் பகுதியில், ஹவேரா பிளவுக்கு அருகே. ரெய்ஸ்போர் முறையில் வெட்டியது: மேலிருந்து சின்னத் துளை ஒன்றைக் கீழே வரை இறக்கி, கீழே பெரிய வெட்டுத்தலையைப் பூட்டி, அதை மேல்நோக்கி இழுப்பார்கள். பாறைத்தூள் தானாகக் கீழே விழும், வேகமான முறை. இதன் பலவீனமும் அங்கேயே இருக்கிறது. தலை மேலே வந்து சேரும்வரை சுவருக்கு எந்தத் தாங்கலும் இல்லை. பிறகு மேலிருந்து கீழாகத்தான் போல்ட்டும் கான்கிரீட்டும் போட்டு வருவார்கள். முதலில் வெட்டப்பட்ட அடிப்பகுதிக்குத் தாங்கல் கடைசியில்தான் கிடைக்கும். பாறை திடமாக இருந்தால் இது பொருட்டில்லை. பிளவுக்கு அருகே நொறுங்கிய பாறையில் பொருட்டு.

2009 தொடக்கத்தில் கிணற்றின் அடிப்பகுதி இடிந்து விழுந்தது. அதைச் சீர்செய்ய முடியாமல் அடைத்துவிட்டு, பக்கவாட்டில் கீழிருந்து அலிமாக் முறையில் 2.5 மீட்டருக்கு 2.5 மீட்டர் சதுரக் குழல் ஒன்றை ஏற்றி, இடியாத மேல்பகுதியோடு இணைத்தார்கள்.

வரைபடத்தில் பார்த்தால் இது சின்ன வளைவு. காற்றுக்கு அப்படி இல்லை. 4.25 மீட்டர் விட்டத்தின் பரப்பு 14.2 சதுர மீட்டர். புதுக் குழலின் பரப்பு 6.25. பாதிக்கும் கீழே. காற்றுத்தடை, சுற்றளவுக்கு நேர்விகிதத்திலும் பரப்பின் மும்மடிக்குத் தலைகீழ் விகிதத்திலும் மாறும். சுவரின் சொரசொரப்பு ஒன்றே என்று வைத்துக் கணக்கிட்டால், ஒவ்வொரு மீட்டருக்கும் தடை ஏறத்தாழ 9 மடங்கு. குழலின் இரு முனைகளிலும் திரும்பும் இழப்பு தனி. வாயு அதிகமானால் காற்றைக் கூட்டலாம் என்ற கையிருப்பு, ஒரு கரிக்கட்டி எடுப்பதற்கு முன்பே இங்கே கரைந்துவிட்டது.

அவசர வழியும் இதே குழல்தான், ஏணி வைத்திருந்தார்கள். காற்று வெளியேறும் பாதை அது. தீயோ வெடிப்போ நடந்தால் புகை போகிற வழியும் அதுவே. 100 மீட்டருக்கு மேல் மூச்சுக்கருவியோடு ஏணியில், புகைக்குள் ஏறுவதை வழி என்று கணக்கில் எழுதலாம், அவ்வளவுதான்.

கரி இருக்க வேண்டிய இடத்தில் கல்

அடுத்த அடி, கரியைத் தொட்ட பிறகு. படுகைக்குள் கிடைமட்டமாகத் துளையிட்டுப் பார்த்தபோது, முன்னே ஒரு கிராபன் இருப்பது தெரிந்தது: இணையான இரண்டு பிளவுகளுக்கு நடுவே நிலம் பொத்தென்று இறங்கியதால், கரி இருக்க வேண்டிய மட்டத்தில் கல். அகலம் சுமார் 200 மீட்டர். பம்பு, மின்மாற்றி, கரிக்குழம்பு நொறுக்கி ஆகியவற்றைக் கரிக்குள் அமைக்கும் திட்டம் மாறி, எல்லாமே கல்லுக்குள் வெட்டிய அறைகளுக்கு வந்தன. கல்லில் ஒரு மீட்டர் வெட்டும் நேரத்தில் கரியில் பல மீட்டர் போகலாம். வருமானம் தராத மீட்டர்கள் அவை.

வருடத்துக்கு 10 லட்சம் டன் என்பது முதலீட்டாளர்களிடம் சொன்ன இலக்கு. வெடிப்பு வரை ஏற்றுமதியானது மொத்தம் சுமார் 42,000 டன். கடன் ஏறிக்கொண்டிருந்தது, பங்குதாரர்களிடம் திரும்பத் திரும்பப் பணம் கேட்க வேண்டியிருந்தது. கரியைச் சீக்கிரம் காட்ட வேண்டிய நெருக்கடியில் வேலைகளின் வரிசை தலைகீழாயிற்று.

சுரங்கத்துக்குக் காற்றை இழுக்கும் மெயின் ஃபேனையும் நிலத்தடியில், கிணற்றடியில்தான் வைத்திருந்தார்கள். வாயு மிகுந்த கரிச்சுரங்கத்தில் முதன்மை ஃபேன் தரைக்கு மேலேதான் இருக்கும். வெடிப்பு நடந்தால் கதவு திறந்து அழுத்தத்தை வெளியே விட்டு, ஃபேன் பிழைத்து, காற்றோட்டம் தொடர வேண்டும். நிலத்தடியில் வைத்தால் வெடிப்பின் முதல் பலி அதுவே. பைக் ரிவரில் அதன் மோட்டாரும் தீப்பொறி புகாத வகையைச் சேர்ந்தது அல்ல.

வாயு வடிப்பும் இப்படித்தான். கிராபனைக் கண்டுபிடித்த அதே கிடைமட்டத் துளைகள் கரியின் மீத்தேனையும் கொண்டுவந்தன. அமைப்பைத் தேடப் போட்ட துளைகள் வாயுத் துளைகளாக மாறின. அவற்றை இணைத்தது 4 அங்குலக் குழாய். அந்தக் குழாய் தாங்கவில்லை. சில துளைகள் வாயுவை நேராக, சுரங்கத்தைச் சுற்றிவிட்டு வெளியே திரும்பும் காற்றிலேயே விட்டன, ஏற்கெனவே குறைந்து போன அந்தக் காற்றில்.

ஹைட்ரோ

2010 செப்டம்பரில் நீர்ப்பீரங்கி முறையில் கரி எடுப்பு தொடங்கியது. தடித்த, சரிந்த படுகைக்கு இது பொருத்தமான முறைதான். பாதையின் முனையில் மானிட்டர் எனப்படும் நீர்ப்பீரங்கியை நிறுத்தி, உயரழுத்த நீரால் எதிரே உள்ள கரியை உடைத்தால், கரியும் நீரும் சாய்வில் ஓடி வரும். உடையும் கூரையின் கீழே ஆள் நிற்க வேண்டியதில்லை.

ஆனால் எடுத்த இடம் கோஃப் ஆகிறது: தாங்கல் இல்லாத வெற்றிடம். அதற்குள் காற்று ஓடாது. கரியிலிருந்து கசியும் மீத்தேன் அங்கே சேரும். ஐலண்ட் மணற்கல் போன்ற கெட்டியான கூரையில் ஒரு தொல்லை உண்டு. மென்மையான கூரை கொஞ்சம் கொஞ்சமாக உதிரும். கெட்டியான கூரை பொறுத்துப் பொறுத்துக் கடைசியில் ஒரே பலகையாக விழும். விழும்போது உள்ளே இருந்த வாயு முழுவதும் பிஸ்டன் தள்ளியது போல வெளியே வரும்.

அளவுக்காக ஒரு மாதிரிக் கணக்கு. கோஃபிலிருந்து 1,000 கன மீட்டர் தள்ளப்பட்டது, அதில் 60 சதவீதம் மீத்தேன் என்று கொள்வோம். மீத்தேன் 600 கன மீட்டர். இது 5 சதவீதம் வரை நீர்த்தால் 12,000 கன மீட்டர் வெடிக்கும் கலவை. 17.5 சதுர மீட்டர் குறுக்குவெட்டுள்ள பாதையில் அது சுமார் 686 மீட்டர் நீளத்தை நிரப்பும். மீத்தேன் 5 முதல் 15 சதவீதம் வரை வெடிக்கும். நியூசிலாந்தில் 1.25 சதவீதத்தில் மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும், 2 சதவீதத்தில் ஆட்களை வெளியேற்ற வேண்டும்.

2010 அக்டோபர் 30 அன்று கோஃபில் பெரிய கூரைச்சரிவு ஏற்பட்டு, காற்றைப் பிரிக்கும் தடுப்புச் சுவர் ஒன்றைச் சேதப்படுத்தியது. ஒத்திகை போல நடந்த அந்த நிகழ்வுக்குப் பிறகும் எடுப்பு நிற்கவில்லை. பின்னால் ஆராய்ந்த அரச ஆணையம் கணக்கெடுத்தது: வெடிப்புக்கு முந்தைய 48 நாட்களில் மீத்தேன் வெடிக்கும் அளவை எட்டியதாக 21 அறிக்கைகள், அதற்குக் குறைந்த ஆனால் ஆபத்தான அளவைக் காட்டும் அறிக்கைகள் 27. அவை குழுத்தலைவர்களின் பணிக் குறிப்புகளில் இருந்தன. காற்றுக் கிணற்றுக்கு அப்பால், உள்ளே, தரைமட்டக் கட்டுப்பாட்டு அறைக்குத் தகவல் அனுப்பும் நிலையான மீத்தேன் அளவி ஒன்றுகூட இல்லை.

நவம்பர் 19 அன்று பராமரிப்புக்காகத் தண்ணீர் நிறுத்தப்பட்டிருந்தது. 3.45-க்குக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து பம்பு திரும்ப இயக்கப்பட்ட சில விநாடிகளில் தொடர்பு அறுந்தது. நுழைவாயில் கேமராவில் காற்று பாய்ந்து வந்த நேரம் 52 விநாடி. எரிந்த மீத்தேனுக்குக் கோஃப் சரிவு காரணமாக இருந்திருக்கலாம் என்றது ஆணையம். தீப்பொறி எது என்று உறுதியாக நிறுவப்படவில்லை. நவம்பர் 24, 26, 28 தேதிகளில் மேலும் 3 முறை வெடித்தது.

வரிசை எப்படி இருந்திருக்க வேண்டும்

தொழில் தெரிந்தவர்களுக்கு இதில் புதிது எதுவும் இல்லை. கிணறு வெட்டும் இடத்தில் அதன் மையக்கோட்டிலேயே முழு ஆழத்துக்குத் தண்டு எடுக்கும் துளை. அது மோசம் என்றால் ரெய்ஸ்போரைக் கைவிட்டு, மேலிருந்து தாங்கல் போட்டபடியே இறங்குவது. கரியைத் தொட்டதும் முதல் வேலை, இரண்டாவது வழியோடு காற்றுச் சுற்றை மூடுவது. அதற்குள் நீண்ட கிடைமட்டத் துளைகளால் முன்னே உள்ள அமைப்பைப் பார்த்து, அதே துளைகள் வழியாகப் பல மாதங்கள் வாயுவை வடிப்பது, அதற்கேற்ற விட்டத்தில் குழாயோடு. ஃபேன் தரைக்கு மேலே. பிறகே முதல் கோஃப். ஒவ்வொரு நிலையிலும் "இந்த அளவு கிடைக்காவிட்டால் அடுத்ததுக்குப் போகாதே" என்று எழுதி வைத்த நிறுத்தக் கோடு வேண்டும். அது இல்லாவிட்டால், பணம் தீரும்போது தற்காலிக ஏற்பாடுகள் எல்லாம் நிரந்தரமாகிவிடும்.

ஆணையத்தின் அறிக்கை 2012 நவம்பர் 5 அன்று வெளியானது. 2013-இல் நிலத்தடிச் சுரங்கங்களுக்குப் புதிய விதிகளும் வொர்க்சேஃப் என்னும் பணியிடப் பாதுகாப்பு அமைப்பும் வந்தன. 2019 மே மாதம் நுழைவுச் சுரங்கத்துக்குள் மீண்டும் போனார்கள். 2021 பிப்ரவரியில், முனைக்குச் சற்று முன்னே பாதையை அடைத்து நிற்கும் பாறைச்சரிவு வரை எட்டினார்கள். அங்கேயே பணி நின்றது. ஃபேன் அந்தச் சரிவுக்கு அப்பால் இருக்கிறது.